அளவும் ஒரு குணம்
நானோ பொருள்களும் நம் அன்றாட வாழ்வும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியல் பொருள் ஒன்றை, அத்துறையைப் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி தமிழில் பேச வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட பணி. நான் எடுத்துக்கொண்டது நானோ பொருள்கள். இந்தச் சொல் இன்று சோப்பு உறையிலும், உர பாட்டிலிலும், தொலைக்காட்சி விளம்பரத்திலும், வண்ணப்பூச்சு டப்பாவிலும் இருக்கிறது. சொல் இவ்வளவு பரவியிருந்தும், அது எதைக் குறிக்கிறது என்ற தெளிவு பரவவில்லை. ஆகவே இன்றைய பேச்சில் ஒரே ஒரு கருத்தை நிறுவ முயல்கிறேன். ஒரு பொருளைப் போதிய அளவு சிறிதாக்கினால், அதன் அளவே அதன் குணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. நானோ பொருள்களால் வரும் பயன்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன, கேடுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,000. கொரோனா வைரஸ் ஏறத்தாழ 100. நம் மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ இழையின் அகலம் 2. தங்க அணுக்களை வரிசையாக அடுக்கினால் ஒரு நானோமீட்டருக்குள் மூன்றுதான் அடங்கும்.

நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அதை நானோ பொருள் என்று கொள்வது பொது வழக்கு. மூன்றும் அந்த எல்லைக்குள் இருந்தால் அது துகள். இரண்டு மட்டும் சிறுத்து ஒன்று நீண்டால் குழாய் அல்லது இழை. ஒன்று மட்டும் சிறுத்தால் தகடு. கார்பன் ஒன்றே இந்த மூன்று வடிவங்களிலும் கிடைக்கிறது. 1985இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த உருண்டையைக் கண்டறிந்தனர். 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய்களைப் பற்றி எழுதினார். 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நொவொசெலாவும் கிராஃபைட்டின் மேல் ஒட்டும் நாடாவை ஒட்டி உரித்து உரித்து, ஒற்றை அணு தடிமனுள்ள கிராஃபீன் தகட்டைப் பிரித்தெடுத்தனர். பென்சிலில் இருக்கும் அதே கரிதான். அடுக்கு ஒன்றானதும் மின்சாரத்தைக் கடத்தும் விதமே வேறாகிவிட்டது. 1996இன் வேதியியல் நோபலும் 2010இன் இயற்பியல் நோபலும் இந்தக் கரிக்காகவே தரப்பட்டன.

நானோ பொருளைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. பெரியதை அரைத்தோ செதுக்கியோ சிறிதாக்கலாம். கைபேசிச் சில்லுகளைப் பொறிப்பது அந்த வகை. அல்லது அணுக்களைக் கரைசலிலோ ஆவியிலோ ஒன்றுசேர விட்டு, வேண்டிய அளவு வந்ததும் வளர்ச்சியைத் தடுக்கலாம். இனி நாம் பேசப்போகும் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையில் பிறந்தவை.

தங்கம் ஏன் சிவக்கிறது?

கொரோனா காலத்து விரைவுப் பரிசோதனை அட்டையில் தோன்றும் சிவப்புக் கோட்டை இந்த அரங்கில் பலர் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும் அதே கோடு உண்டு. இத்தகைய அட்டைகளுள் பெரும்பாலானவற்றில் அந்தச் சிவப்பு சாயத்தால் வருவதில்லை, தங்கத்தால் வருகிறது.

அட்டைக்குள் பல பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் உலர்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்கள் ஒட்டப்பட்டிருக்கும். நாம் விடும் சொட்டு, துகள்களை இழுத்துக்கொண்டு அட்டையில் ஊறிச் செல்கிறது. தேடும் புரதம் சொட்டில் இருந்தால் துகள்கள் அதைப் பற்றிக்கொள்ளும். கோடு இருக்கும் இடத்தில் வேறு எதிர்ப்புரதங்கள் அசையாமல் காத்திருக்கின்றன. அவை அந்தப் புரதத்தைத் துகளோடு சேர்த்துப் பிடித்து நிறுத்துகின்றன. அப்படி லட்சக்கணக்கான துகள்கள் ஓரிடத்தில் தேங்கும்போது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் கால் மணி நேரத்தில் விடை கிடைக்கிறது.

மஞ்சளாக மின்னும் தங்கம் இங்கே ஏன் சிவக்கிறது? உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஓரணுவோடு கட்டுண்டவை அல்ல, கூட்டமாக உலவுபவை. 20 நானோமீட்டர் துகளுக்குள் அக்கூட்டம் அடைபட்டுவிட்டால், ஒளி மோதும்போது அது முழுவதும் ஒன்றாக ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம் பச்சை ஒளியோடு பொருந்திப்போவதால் பச்சை உறிஞ்சப்படுகிறது, எஞ்சிய சிவப்பு நம் கண்ணை அடைகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் ஊசலாட்டம் மாறி நிறம் ஊதாவுக்கும் நீலத்துக்கும் நகர்கிறது.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1857இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் ஆற்றிய பேக்கரியன் சொற்பொழிவின் பொருளே இதுதான். தங்க உப்புக் கரைசலிலிருந்து மாணிக்கச் சிவப்பு நீர்மம் ஒன்றைச் செய்து, அதில் சிவப்பாகத் தெரிவது கண்ணுக்கெட்டாத தங்கத் துகள்களே என்றார். சிறிது உப்புச் சேர்த்ததும் சிவப்பு நீலமாக மாறுவதையும் பதிவு செய்தார். அவர் செய்த நீர்மத்தின் குப்பிகள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் உள்ளன. அவர் வாழ்நாளில் அந்தத் துகளைக் காட்டும் நுண்ணோக்கி இல்லை. நிறத்தைக் கொண்டே அளவை ஊகித்தார்.

இன்று கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம். நீர்த்த தங்க குளோரைடு கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் சேர்த்தால் போதும். வெளிர் மஞ்சள் மறைந்து, கருநீலம் எட்டிப்பார்த்து, சில நிமிடங்களில் கரைசல் செந்நிறம் கொள்கிறது. 1951இல் டர்கெவிச் விரிவாக ஆராய்ந்த முறை இது. இதைச் செய்யாமல் எந்த மாணவரும் நானோ பாடத்தை முடிக்கக் கூடாது என்பது என் கட்சி.

குறைகடத்திகளில் அளவுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவு இன்னும் நேரடியானது. காட்மியம் செலினைடு துகள் 2 நானோமீட்டர் இருந்தால் நீல ஒளி தரும், 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பு ஒளி தரும். இடையிலுள்ள அளவுகள் பச்சையும் மஞ்சளும் தரும். பொருள் ஒன்றே, அதன் சேர்மானமும் ஒன்றே. எலக்ட்ரானை அடைத்துவைக்கும் அறை குறுகக் குறுக அது வெளியிடும் ஒளியின் ஆற்றல் கூடுகிறது. இவற்றுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் இதற்காகக் கிடைத்தது. கடையில் 'கியூஎல்இடி' என்று விற்கும் தொலைக்காட்சிகளில் நீல விளக்கின் ஒளியைத் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுபவை இந்தப் புள்ளிகளே. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் பல நிறுவனங்கள் இன்று இண்டியம் பாஸ்பைடுக்கு மாறியுள்ளன.

பரப்பின் கணக்கு

அளவு குணமாவதற்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கனசதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். எடை 19 கிராமுக்குச் சற்று மேல், இரண்டரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்ட முடிந்தால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். தங்கம் ஒரு குன்றிமணி கூடவில்லை. வெளியே தெரியும் அணுக்கள்தான் கூடியிருக்கின்றன.

வேதிவினை நடப்பது பரப்பில். உள்ளே அடைந்து கிடக்கும் அணுவுக்கு வெளியுலகத் தொடர்பு இல்லை. 30 நானோமீட்டர் துகளில் நூற்றுக்கு ஐந்து அணுக்களே மேற்பரப்பில் இருக்கும். 3 நானோமீட்டர் துகளில் பாதி அணுக்கள் மேற்பரப்பில் வந்து நிற்கும். விறகுக் கட்டையில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது, அதே மரத்தின் சீவலில் காட்டினால் சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுப்பங்கரையில் நாம் அறிந்த அந்த உண்மையின் கடைசி எல்லை இது.

அந்த எல்லையில் எதிர்பாராதவை நடக்கின்றன. தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாத உலோகம். துருப்பிடிக்காது என்பதால்தானே தாலிக்கும் தோட்டுக்கும் அது ஏற்றதாயிற்று? ஆனால் 1980களில் ஜப்பானின் மசடாகே ஹருடா, 5 நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்களை உலோக ஆக்சைடுகளின் மேல் பதித்தபோது, அவை நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைத் தீங்கு குறைந்த கார்பன் டை ஆக்சைடாக மாற்றின. அதுவும் பூஜ்யம் டிகிரி செல்சியசுக்கும் கீழான குளிரில். தங்கக் கட்டி 1,064 டிகிரியில் உருகும். சில நானோமீட்டர் தங்கத் துகள் அதற்குப் பல நூறு டிகிரி முன்பே உருகிவிடுகிறது. உருகுநிலை பொருளுக்கு மட்டுமே உரியது என்று பள்ளியில் படித்தோம். அது அளவையும் பொறுத்தது என்று அடிக்குறிப்புச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பரப்பின் பயனை நீங்கள் வந்த வண்டியிலேயே பார்க்கலாம். டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? தொடக்க காலத்து டயர்கள் வெளிர் நிறத்தவை, விரைவில் தேய்ந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரப்பரோடு கார்பன் பிளாக் என்ற கரிப்பொடியைச் சேர்க்கிறார்கள். பல பத்து நானோமீட்டர் அளவுள்ள கரித்துகள்கள் கொத்துக் கொத்தாக இணைந்தது அது. ரப்பர் மூலக்கூறுகள் அந்தப் பெரும்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் டயர் பல மடங்கு உழைக்கிறது. நானோ என்ற பெயர் வருவதற்கு முன்பே, உலகில் மிகுதியாக உற்பத்தியாகும் நானோ பொருள்களுள் ஒன்று வண்டிச் சக்கரத்தில் ஏறிவிட்டது.

இயற்கையிடமும் பழந்தொழிலிலும்

இயற்கை இதை எப்போதோ கையாண்டிருக்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதை நம் புலவர்கள் பாடிவிட்டார்கள். ஏன் ஒட்டாது என்பதை ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார். இலைமேல் நுண்ணிய மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுள்ள மெழுகுக் குழல்கள். நீர்த்துளி குழல்களின் நுனியை மட்டுமே தொடுகிறது, அடியில் காற்று நிற்கிறது. உருளும் துளி தூசியையும் அள்ளிச் செல்கிறது. 1999இல் இதே தத்துவத்தில் வெளிச்சுவர்ப் பூச்சு ஒன்று ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. நம் வீட்டுச் சுவரில் தலைகீழாக ஓடும் பல்லிக்குக் காலில் பசை இல்லை. விரலடியில் உள்ள மயிரிழை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுனிகளாகப் பிரிகிறது. நுனியின் அகலம் சுமார் 200 நானோமீட்டர். சுவரோடு அவ்வளவு நெருக்கம் கிடைப்பதால் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பே பல்லியின் எடையைத் தாங்கப் போதுமானதாகிறது.

மனிதரின் பழந்தொழில்களிலும் நானோ பொருள்கள் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கோப்பையான லைகர்கஸ் கோப்பை வெளியிலிருந்து ஒளி விழுந்தால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் தெரிகிறது. கண்ணாடிக்குள் தங்க, வெள்ளி நானோ துகள்கள் இருப்பதே காரணம். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டனர். அத்தகைய வாள்களுக்கான மூல எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுக்கப்பட்டு மேற்கே சென்றது. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த அந்த எஃகை 1819இல் பகுத்தாராய்ந்து கட்டுரை எழுதியவர், நாம் முன்பு சந்தித்த அதே ஃபாரடே.

2020இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் கீழடி மட்பாண்ட ஓடுகளின் கருநிறப் பூச்சில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பூச்சு உதிராமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாகலாம் என்றனர். இதைக் கேட்டு மகிழ்வது இயல்பு. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு 'நானோ தொழில்நுட்பம் நம் முன்னோர் அறிந்தது' என்று மேடையில் முழங்குவதற்கும் உண்மைக்கும் தூரம் அதிகம்.

கீழடிக் குயவர் அறிந்தது சூளையின் வெப்பத்தையும், எதைப் பூசினால் கறுப்பு நிற்கும் என்பதையும். அது பெரிய அறிவு, பல தலைமுறை கண்டு திருத்திய அறிவு. குழாயின் அளவை மாற்றி விளைவை மாற்ற அவருக்கு வழியில்லை, ஏனெனில் அதைக் காணும் கண் யாரிடமும் இல்லை. அந்தக் கண் 1931க்குப் பிறகு, எலக்ட்ரான் நுண்ணோக்கியோடுதான் திறக்கத் தொடங்கியது. 1981இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிகும் ரோரரும் அணுக்களை ஒவ்வொன்றாகக் காட்டும் வருடு நுண்ணோக்கியைச் செய்தார்கள். 1986இன் இயற்பியல் நோபல் பரிசு எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கிய ரஸ்காவுக்கும் இவர்கள் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அளக்க முடிந்த பிறகே அளவைக் கட்டுப்படுத்த முடிந்தது. சித்த மருத்துவப் பற்பங்களுக்கும் இதே நெறிதான். அவற்றுள் சிலவற்றில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. துகள் சிறியது என்பது மருந்து நல்லது என்பதற்குச் சான்றாகாது. அதற்குத் தனியே சோதனை வேண்டும்.

வீட்டுக்குள்ளும் உடலுக்குள்ளும்

அளவைக் கட்டுப்படுத்தத் தெரிந்ததால் நமக்கு என்ன கிடைத்தது? குடிநீரிலிருந்து தொடங்குகிறேன். 2003இல் புட்டித் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தது நாடெங்கும் பேச்சானது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, வெள்ளி, தங்க நானோ துகள்களின் பரப்பில் எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் பிடிபடுவதையும் சிதைவதையும் கண்டறிந்தது. 2007இல் அது வீட்டு நீர்வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. பின்னர் அதே குழு, நானோ அளவில் அமைந்த இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடைக் கொண்டு நிலத்தடி நீரிலிருந்து ஆர்செனிக்கை நீக்கும் 'அம்ரித்' முறையை உருவாக்கியது. ஆர்செனிக் நஞ்சால் நெடுங்காலமாக வாடும் மேற்கு வங்கம் போன்ற பகுதிகளுக்கு இதன் மதிப்பு புரியும். ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்கப் பெரும்பரப்பு தேவை. அந்தப் பரப்பை மலிவான இரும்பிலிருந்தே பெற்றதுதான் இதன் திறமை.

அடுத்து, வெயிலில் பூசும் களிம்பு. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் புற ஊதாக் கதிரைத் தடுப்பவை. துகள் பெரிதாக இருந்தால் காணும் ஒளியையும் சிதறடித்து, சுண்ணாம்பு பூசியது போல் முகம் வெளுக்கும். பல பத்து நானோமீட்டருக்குக் குறைத்தால் புற ஊதா தடுக்கப்படும், காணும் ஒளி கடந்துபோகும், பூச்சு கண்ணுக்குத் தெரியாது. மாநிறத் தோலில் வெள்ளைப் படிவு இல்லாத களிம்பு கிடைப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது தடுப்பூசி. இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவேக்சினும் வேறு வகை. கனடாவிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் உள்ள நம் உறவினர்கள் போட்டுக்கொண்ட பைசர், மாடர்னா ஊசிகளில் இருந்தவை எம்ஆர்என்ஏ என்னும் செய்தி இழைகள். அந்த இழை உடலில் தனியே நுழைந்தால் நொடியில் சிதைந்துவிடும். அதனால் நான்கு வகைக் கொழுப்புகளால் ஆன, ஏறத்தாழ 100 நானோமீட்டர் உருண்டைக்குள் அதை வைத்தார்கள். நான்கில் ஒரு கொழுப்புக்கு ஒரு தந்திரம் தெரியும். இரத்தத்தில் மின்னேற்றம் இல்லாமல் இருக்கும் அது, செல் தன்னை விழுங்கி அமிலப் பைக்குள் அடைத்ததும் மின்னேற்றம் பெற்று, பையைக் குலைத்து இழையை வெளியே விடுகிறது. இழையைக் கண்டறிந்த பெருமை பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கொழுப்பின் பெருமை பேசப்படவில்லை. இது திடீரென்று வந்ததும் இல்லை. டாக்ஸோருபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை 100 நானோமீட்டருக்கு உட்பட்ட கொழுப்பு உருண்டைக்குள் வைத்துத் தரும் மருந்துக்கு அமெரிக்கா 1995இலேயே ஒப்புதல் தந்தது. இதயத்துக்கு அம்மருந்து செய்யும் கேட்டைக் குறைப்பதே அதன் பயன்.

வயலில்

வேளாண்மையில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2021இல் இப்கோ நிறுவனம் நானோ யூரியாவை அறிமுகம் செய்தது. இலைமேல் தெளிக்கும் அரை லிட்டர் பாட்டில் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்பது அதன் கூற்று. கணக்குப் பார்ப்போம். முதலில் வந்த பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது சுமார் 20 கிராம். மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20 கிலோ. ஆயிரம் மடங்கு இடைவெளி. மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகியும் நீரில் கரைந்தும் வீணாகிறது என்பது உண்மைதான். ஆனாலும் பயிர் புரதம் செய்ய நைட்ரஜன் அணுக்கள் எண்ணிக்கையில் வேண்டும். துகள் எவ்வளவு சிறிதானாலும் இல்லாத அணு உண்டாகாது. நிறுவனம் தன் வயல் சோதனைகள் வெற்றி என்கிறது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வில் மூட்டை யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. அளவு குணத்தை மாற்றும், ஆனால் எடையைப் பெருக்காது. உழவர் கேட்க வேண்டிய கேள்வி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வேறொரு வழியும் உண்டு. இலங்கையின் நானோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக், எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ராக்சி அபடைட்டின் நானோ துகள்கள் மேல் யூரியாவைப் பிணைத்து, அது மெல்ல மெல்லக் கசியும்படி செய்தது. யூரியாவின் அளவைப் பாதியாகக் குறைத்து நெல் வயலில் சோதித்த முடிவுகள் 2017இல் வெளியாயின. இங்கே நானோ துகள் தானே உரமாகிவிடுவதாகச் சொல்லவில்லை, உரத்தைப் பிடித்துவைக்கும் வேலையைத்தான் செய்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வாளர்களோடும் சேர்ந்து மாம்பழத்துக்குச் செய்ததும் அப்படிப்பட்டதே. தாவரங்களில் இயல்பாக உள்ள ஹெக்சனால், பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதை நானோ பால்மமாகவும் நானோ இழைகளிலும் ஏற்றித் தரும்போது பழம் முதிர்ந்து அழுகுவது தள்ளிப்போகிறது.

ஒரே பொருள், மூன்று வழிகள்

கேட்டின் பக்கம் வருகிறேன். களிம்பில் பேசிய டைட்டானியம் டை ஆக்சைடையே எடுத்துக்கொள்வோம். காயமில்லாத தோலின் மேல் பூசினால், அது உயிருள்ள அடுக்குகளுக்குள் குறிப்பிடத்தக்க அளவில் இறங்குவதில்லை என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. இதே பொருள் ஈ171 என்ற எண்ணோடு மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் வெண்மை தரச் சேர்க்கப்பட்டது. அதில் ஒரு பகுதி நானோ அளவுத் துகள்கள். அவை மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற ஐயத்தை விலக்க முடியவில்லை என்று 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது. பொடியாக மூச்சில் போனால் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. பொருள் ஒன்று, வழி மூன்று, விடையும் மூன்று. 'டைட்டானியம் நல்லதா கெட்டதா?' என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை.

கார்பன் நானோ குழாயில் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலிகளில் செய்த சோதனையில், நீண்டு விறைத்த குழாய்கள் கல்நார் இழையைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. பிசினுக்குள் உறைந்து டென்னிஸ் மட்டையாகிவிட்ட குழாயால் ஆடுபவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து, அந்தப் பொடியை மூட்டையிலிருந்து கொட்டும் தொழிலாளிக்கு, மட்டையை அறுத்துத் தேய்ப்பவருக்கு, பிறகு அதை எரிக்கும் குப்பைக் கிடங்கில் வேலை செய்பவருக்கு. நானோ பொருளின் பயன் ஒருவருக்கும் தூசி இன்னொருவருக்கும் போகும் இந்தப் பங்கீட்டைப் பற்றி நம் கருத்தரங்குகளில் போதிய பேச்சு இல்லை.

வெள்ளி, கிருமியைக் கொல்லும். அதனால் நாற்றம் வராத காலுறை என்று வெள்ளி நானோ துகள் சேர்த்து விற்றார்கள். 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் அத்தகைய காலுறைகளை நீரில் அலசியபோது சிலவற்றிலிருந்து வெள்ளி பெருமளவு வெளியேறியது. அந்த நீர் போய்ச் சேரும் கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்பவையும் நுண்ணுயிரிகளே. குடிநீர் வடிகட்டியில் வெள்ளிக்கு நியாயம் இருக்கிறது. காலுறையில் அதே அளவு நியாயம் இருக்கிறதா?

கேட்க வேண்டிய மூன்று

ஆகவே 'நானோ' என்ற சொல்லைக் கண்டதும் வியக்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பொருள்? அதன் துகள் எந்த அளவில், எந்த வடிவில் உள்ளது? பயன்படுத்தும்போதும் தூக்கி எறிந்த பின்னும் அது எங்கே போகிறது? இம்மூன்றுக்கும் விடை தராத உறை, உண்மையில் எதையும் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் 2013 முதல் அழகுப் பொருள்களில் நானோ அளவில் சேர்த்த ஒவ்வொரு சேர்மானத்தின் பெயருக்குப் பின்னும் 'நானோ' என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். இந்தியா 2007இல் தொடங்கிய நானோ திட்டத்தின் வழியாக ஆய்வுக்கு நிறையச் செலவிட்டது, நல்ல விளைவும் கண்டது. 2020இல் நானோ வேளாண் இடுபொருள்களையும் உணவுப் பொருள்களையும் மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. அடுத்த படி, அந்தச் செய்தி ஆய்வறிக்கையிலிருந்து இறங்கி உறைமேல், வாங்குபவர் மொழியில் அச்சாவதும், பொடி கையாளும் தொழிற்கூடங்களில் காற்றை அளப்பதைக் கட்டாயமாக்குவதும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். புதிய நானோ துகளைச் செய்து கட்டுரை எழுதுவோர் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். செய்த துகள் நீரில், மண்ணில், நுரையீரலில் ஓராண்டு கழித்து என்னவாகிறது என்று அளப்போர் மிகக் குறைவு. அந்த ஆய்வுக்கு விளம்பரம் கிடைக்காது, காப்புரிமையும் கிடைக்காது. ஆனால் அதைச் செய்யாத வரை, இந்த அறிவியலின் பாதியை மட்டுமே நாம் கற்றிருக்கிறோம். உங்களில் சிலராவது மறுபாதிக்கு வாருங்கள்.